அத்தையின் மூன்றாவது கிளாஸ்

ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றி, மோட்டர் சைக்கிளின் பின்சீட்டில் வைத்துக் கட்டிக்கொண்டு அந்தோணிராஜ் வீடு வந்து சேர்ந்தபோது, மைத்துனன் ஆண்ட்ரூ சமையலறையில் நின்று நீல பிளாஸ்டிக் தோங்குத் தொட்டிக்குள் அகப்பையை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தான். கிறிஸ்மஸுக்கென்று போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை. டையின் நுனி நனையாமலிருக்க அதைச் சட்டைப் பைக்குள் சொருகியிருந்தான்.

“மச்சான், உங்க ஃபுரூட் பஞ்ச் காய்ச்சக்காரன் மூஞ்சி மாதிரி வெளுத்துக் கெடந்துச்சு. நான் சரி பண்ணிட்டேன். வந்து கலரப் பாருங்க.”

அந்தோணிராஜ் எட்டிப் பார்த்தான். அன்னாசி, பப்பாளி, ஆரஞ்சு எல்லாவற்றையும் பொடியாக நறுக்கிப் போட்டு, டின் லோங்கான் பழத்தையும் கொட்டி, அவன் கலக்கி வைத்துவிட்டுப் போனபோது அது மங்கல் மஞ்சளாக இருந்தது. இப்போது திருவிழாக் கொடி மாதிரி சிவந்து கிடந்தது.

“என்னாத்த ஊத்துன?”

“சீராப்புத்தான். அலமாரி மேல பெயிண்டு டின்னுக்குப் பின்னால ஒரு முழு போத்தல் இருந்துச்சு. வாங்கி வச்சிட்டு மறந்துட்டீங்க போல. ஒரு சொட்டு வீணாக்கல மச்சான், தண்ணி விட்டு அலசி அதையும் ஊத்திட்டேன்.”

கை கழுவும் தொட்டியோரத்தில் அந்தப் போத்தல் தலைகீழாக வடிந்துகொண்டிருந்தது. ரோஜாப்பூ படம் போட்ட சீராப்பு லேபிள், சர்பத்துக்கு ஊற்றுகிற சிவப்புப் பாகு. கழுத்தில் சிவப்பு ராஃபியாக் கயிறு.

அந்தோணிராஜின் கையிலிருந்த ஐஸ் கட்டி நழுவி அவன் கால்மேலேயே விழுந்தது. வலி கூடத் தெரியவில்லை.

அது சீராப்பு இல்லை. பிராந்தி.

அவன் குடித்துக்கொண்டிருந்த காலத்தில், பிராந்தியைப் பிராந்தி போத்தலிலேயே வைத்தால் மனைவி சூசன் மோப்பம் பிடித்துச் சாக்கடையில் கொட்டிவிடுவாள். அதனால் சீராப்புப் போத்தலில் மாற்றி, நிறத்துக்குக் கொஞ்சம் சீராப்பையும் விட்டு, தனக்கு மட்டும் அடையாளம் தெரியக் கழுத்தில் கயிறு கட்டி வைப்பான். பிறகு ஒரு நாள் மாதா சுரூபத்தின் முன்னால் முழங்காலில் நின்று, இனி ஒரு சொட்டு என் நாக்கில் படாது என்று சொல்லிவிட்டு வந்தான். மூன்று வருடமாகச் சொன்னபடி நடந்தும் காட்டினான்.

ஆனால் அந்த ஒரு போத்தலைக் கொட்ட மட்டும் மனம் வரவில்லை. கப்பலில் வேலை பார்த்த சிநேகிதன் கொண்டுவந்து கொடுத்த அசல் சரக்கு. குடிக்க இல்லை, சும்மா இருக்கட்டும் என்று வைத்திருந்தான். எப்போதாவது பெயிண்டு டின்னை நகர்த்தி ஒரு பார்வை பார்ப்பான். ஜெயிலில் கிடக்கிற பழைய எதிரியைப் பார்த்துவிட்டு வருகிற மாதிரி ஒரு திருப்தி. வேலை விட்டு வந்ததும் வாயை ஊதச் சொல்லி முகர்ந்து பார்க்கிற சூசன்கூடப் போன வருடத்தோடு அதை விட்டுவிட்டாள். எப்படி அவ்வளவு நம்பிக்கை வந்ததென்று அவன் கேட்கவில்லை. கேட்டு எதற்கு வம்பு.

இத்தனை நாள் இருந்துவிட்டு அந்தப் போத்தல் இன்றைக்குத்தானா வெளியே வரவேண்டும். அருளம்மாள் வருகிற நாள் இது.

அருளம்மாள் சூசனின் தாய். ஐந்து வருடத்துக்கு முன்னால், நியாலாஸ் பக்கத்துத் தோட்டத்து மண்டபத்தில் நடந்த கல்யாணத்தில், மாப்பிள்ளை அந்தோணிராஜ் சிநேகிதர்கள் ஊற்றிக் கொடுத்ததையெல்லாம் வாங்கிக் குடித்துவிட்டு, கேக் வெட்டும் நேரத்தில் கேக்கின்மேலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டான். மூன்று அடுக்குக் கேக். நடு அடுக்கில் கன்னம்.

அன்றைக்கு அருளம்மாள் சபை நடுவே நின்று சொன்னாள். “பொண்ணக் குடுத்தது குடுத்ததுதான். ஆனா இந்த ஆளு வீட்டுல ஒரு வாய்த் தண்ணி என் தொண்டையில எறங்காது.”

இறங்கவும் இல்லை. அலோர் காஜாவுக்கு ஏதாவது ஆபிஸ் வேலையாக வந்தால், அவர்கள் குடியிருந்த தாமானுக்குள் வந்து, வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்று மகளிடம் பேசிவிட்டுப் போவாள். கையில் சொந்த ஃபிளாஸ்க் இருக்கும். மருமகனை மாப்பிள்ளை என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. ‘சூசன் வீட்டுக்காரரு’தான்.

இந்தக் கிறிஸ்மஸுக்குத்தான், “வந்து ஒக்காருறேன். வாய நனைக்கிறதப் பத்தி இப்ப ஒண்ணும் சொல்லமாட்டேன்” என்று ஆண்ட்ரூவிடம் சொல்லியனுப்பியிருந்தாள். போன மாதம் ஒரு கல்யாண விருந்தில் அம்மா ஃபுரூட் பஞ்சை விரும்பிக் குடித்தாள் என்றும் ஆண்ட்ரூ சொல்லியிருந்தான். அது போதும் என்று சுங்கை ஊடாங்கில் சாரம் கட்டுகிற வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பழம் நறுக்க உட்கார்ந்தவன் அந்தோணிராஜ். ஒரே ஒரு வாய். அவன் வீட்டில் அந்தம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டால் போதும்.

இப்போது அந்த ஒரு வாயில் பிராந்தி.

“நீ குடிச்சுப் பாத்தியா?” என்றான், ஈனக் குரலில்.

“ஒரு அகப்பை. ஜிவ்வுன்னு இருக்கு மச்சான்.” ஆண்ட்ரூ வாயைத் துடைத்துக்கொண்டான். பிறந்ததிலிருந்து மதுவை முகர்ந்துகூடப் பார்க்காதவன் அவன். “சரி, பூசை முடிஞ்சிருக்கும். நான் போயி அம்மாவக் கோயில்லேர்ந்து கூட்டிட்டு வந்துர்றேன்.”

கார் கிளம்பியது. அந்தோணிராஜ் குனிந்து தோங்கை முகர்ந்தான். அன்னாசி வாசம்தான் தூக்கலாக வந்தது. பிராந்தி இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. ருசி பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் நாக்கில் வைக்கமாட்டேன் என்று சொன்னது மாதாவிடம்.

போத்தலை அடுப்புக்குப் பின்னால் ஒளித்தான். தோங்கின் இரண்டு காதையும் பிடித்துப் பின்பக்கச் சாக்கடைக்கு இழுத்தான். பாதி வழியில் சூசன், கையில் பின்னலோடு குறுக்கே வந்து நின்றாள்.

“என்னாங்க, எங்க இழுத்துட்டுப் போறீங்க?”

“ஈ விழுந்திருச்சு.”

“ஈ விழுந்தா ஈய எடுங்க. பாசார்ல பாதிக் கடைய வாங்கிட்டு வந்து காலையிலேர்ந்து நறுக்குனது இதுக்கா?” அவள் அகப்பையை விட்டுத் துழாவி, கறுப்பாக ஒன்றை எடுத்தாள். “இதுவா ஈ? அன்னாசிக் கண்ணு. கண்ணாடி போடுங்கலா.”

தோங்கு திரும்பவும் சமையலறைக்கு வந்தது.

கொட்ட முடியாவிட்டால் நீர்க்கச் செய்யலாம். சிமெண்டில் தண்ணீர் கூடினால் சுவர் நிற்காது, இது அந்தோணிராஜுக்குத் தெரிந்த பாடம். அதையே இங்கும் செய்தான். அவள் சேலை மாற்றப் போன நேரத்தில் ஐஸை உடைத்துப் போட்டான். இரண்டு ஜக் தண்ணீரை ஊற்றினான். விருந்துக்கென்று வாங்கி வைத்திருந்த ஆரஞ்சு போத்தல்களை ஒன்று விடாமல் கவிழ்த்தான். தோங்கு வழிந்தது. துணி ஊறவைக்க வாங்கிய புதுத் தோங்கைக் கொண்டுவந்து பாதியை அதில் மாற்றினான். அதிலும் தண்ணீர் விட்டான். நிமிர்ந்தபோது ஒரு தோங்கு ஆபத்து இரண்டு தோங்கு ஆபத்தாக நின்றது.

சூசன் வந்து பார்த்து இடுப்பில் கை வைத்தாள். “யாருக்கு இவ்ளோ? தாமானே வருதா?” ஒரு வாய் குடித்தாள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தான். “சப்புன்னு இருக்கு” என்றாள். பெரிய மங்கில் சீனியை அள்ளி இரண்டிலும் கொட்டிக் கலக்கினாள். “சரி, இருக்கிறது இருக்கட்டும். எதிர்வீட்டு மீனம்மாவையும் கூப்பிட்டுருவோம். அவ புள்ளைக்கும் பல்லு மொளைச்சிருச்சு, கேக்கு கடிப்பான்.”

அப்போது வாசலில் கார் ஹாரன் அடித்தது.

அருளம்மாள் கேட்டுக்கு வெளியே ஒரு கணம் நின்றாள். கையில் ஃபிளாஸ்க். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நாற்காலியைத் தட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். ஃபிளாஸ்க்கை மடியில் நிறுத்தினாள். வீடு அவளைச் சுற்றி மூச்சு விடாமல் நின்றது.

சூசன் தட்டில் கிளாஸ்களை எடுத்து வைத்து, அகப்பையைத் தூக்கினாள். அந்தோணிராஜ் முந்திக்கொண்டான். சமையலறைக்குள் ஓடினான். மாற்றாகக் கொடுக்க ஆரஞ்சு இல்லை, அதைத்தான் அவனே கவிழ்த்துவிட்டானே. பைப்பைத் திறந்து ஒரு கிளாஸ் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினான்.

“அத்தை, தண்ணி.”

அருளம்மாள் தண்ணீரைப் பார்த்தாள். பனித்துளி பூத்து நின்ற சிவப்புக் கிளாஸ்களைப் பார்த்தாள். மறுபடி தண்ணீரைப் பார்த்தாள்.

“எல்லாருக்கும் அது. எனக்குப் பைப்புத் தண்ணியா?”

“இல்ல அத்தை, அது ரொம்ப இனிப்பு. உங்க ஒடம்புக்கு...”

“எனக்குச் சீனி வியாதின்னு யாரு சொன்னா? பிரஷர்தான் இருக்கு. காலையிலேயே மாத்திர போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்.” மகள் பக்கம் திரும்பினாள். “அஞ்சு வருசமா நான் வேணாம்னேன். இன்னிக்கு நானா வந்து ஒக்காந்தா, ஒன் வீட்டுக்காரரு வேணாங்கறாரு. ஊத்துடி அத.”

சூசன் கொடுத்தாள். அருளம்மாள் குடித்தாள். ஐந்து வருடம் காத்திருந்த அந்த வாய் உள்ளே இறங்குவதை எல்லாரும் பார்த்தார்கள். அந்தோணிராஜ் மட்டும் கண்ணை மூடிக்கொண்டான்.

“ம்” என்றாள் அருளம்மாள். கிளாஸைக் கவிழ்த்துப் பழத்தையும் வாயில் போட்டுக்கொண்டாள். “இன்னொண்ணு ஊத்து.”

பிரஷர் மாத்திரை. தோட்டத்தில் சுப்பன் என்று ஒருவன் மாத்திரை போட்டுக்கொண்டு குடித்துவிட்டு லயத்து வீட்டு வாசலில் விழுந்து, ஆம்புலன்ஸ் வந்து தூக்கிப் போனது அந்தோணிராஜின் கண்ணுக்குள் ஓடியது.

இனி ஒரே வழி. அவர்கள் குடிப்பதற்குள் தானே குடித்துத் தீர்த்துவிடுவது. மாதாவே, இது குடி இல்லை, தீயணைக்கிற வேலை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு சமையலறைக்குப் போனான். முதல் கிளாஸ். மூன்று வருடத்துக்குப் பிறகு தொண்டையில் அது இறங்கியது. பழத்துக்குள்ளும் சீனிக்குள்ளும் பதுங்கிக்கொண்டு சும்மா சர்பத் மாதிரி நடித்தது. அசல் சரக்கின் குணமே அதுதான், முதலில் ஒன்றும் தெரியாது. இரண்டாவது கிளாஸ். அதற்குப் பிறகு அவன் எண்ணவில்லை. ஜக்கோடு குடித்தான்.

வயிறு மத்தளமாயிற்று. தலை மெல்லச் சுற்றியது. காற்றடிக்கிற நாளில் சாரத்துப் பலகைமேல் நிற்கிற மாதிரி சிமெண்டுத் தரை ஒரு பக்கம் சாய்ந்தது. கூடத்துக்கு வந்தவன் வாசல் திரைச்சீலைக்குள் நுழையத் தெரியாமல் சுவரில் மோதிக்கொண்டான்.

“மச்சான், பாத்து” என்று ஆண்ட்ரூ சிரித்தான்.

சிரிப்பா அது. பங்குக் கோயிலில் வாசகம் படிக்கிற ஆண்ட்ரூ, டையை அவிழ்த்துத் தலையில் கட்டிக்கொண்டு, காலுறையைக் கழற்றி மின்விசிறிக்கு நேராகக் காலை நீட்டியிருந்தான். அருளம்மாளின் முகம் சிவந்திருந்தது. நெற்றியில் வேர்வை. கையைத் தட்டிக்கொண்டு பழைய கீர்த்தனை ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தாள். நடு வரியை மறந்துவிட்டு, மறந்ததற்காகவே விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஏறிவிட்டது, என்று அந்தோணிராஜ் நினைத்தான். குடும்பத்துக்கே ஏறிவிட்டது.

சூசன் பலகாரத் தட்டைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டாள். “மீனம்மா வீட்டுக்குக் குடுத்துட்டு, அவளையும் கூட்டிட்டு வந்துர்றேன். பேசிக்கிட்டு இருங்க.” போய்விட்டாள்.

“ஆண்ட்ரூ, அந்தக் கலியாணக் கேக்கு ஞாபகம் இருக்கா ஒனக்கு?” என்றாள் அருளம்மாள்.

அந்தோணிராஜ் மெல்லச் சமையலறைப் பக்கம் நகரப் பார்த்தான்.

“இவரு தலையத் தூக்குனப்ப கன்னத்துல ஒரு ரோசாப்பூ ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. கிரீம்ல செஞ்ச ரோசாப்பூ. எனக்கு அப்பவே சிரிப்பு வந்திருச்சு. சபையில சிரிச்சா மரியாத போயிரும்னு கத்திட்டேன். கத்துனதுக்கப்பறம் எப்படி எறங்கி வர்றது? அஞ்சு வருசம் ஓடிருச்சு.” முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சிரிப்பா அழுகையா தெரியவில்லை. பிறகு பக்கத்து நாற்காலியைத் தட்டினாள். “மாப்பிள்ளே, இங்க வா. இப்படி ஒக்காரு.”

மாப்பிள்ளே.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவன் மூன்று வருடம் வாயைக் கட்டினான். அந்த வார்த்தைக்காகத்தான் பப்பாளி நறுக்கினான். இப்போது அது வந்து மடியில் விழுந்திருக்கிறது, பிராந்தி நாற்றத்தோடு.

“இனிமே வருசா வருசம் பெருநாள் இங்கதான். தை பொறந்ததும் வந்து ஒரு மாசம் தங்கப் போறேன். என்னா பேசாம நிக்கிற? இந்தா, எனக்கு இன்னொரு கிளாஸ் ஊத்து.”

ஊற்றினான். கை தானாக ஊற்றியது. அவள் கிளாஸை உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

“அத்தை, குடிக்காதீங்க.”

கிளாஸைப் பிடுங்கிவிட்டான். பாதி அவள் சேலையில் சிந்தியது. தள்ளாடியபடி போய் அடுப்புக்குப் பின்னாலிருந்த போத்தலை எடுத்துவந்து மேசைமேல் வைத்தான்.

“இதுல இருந்தது பிராந்தி. நான்தான் ஒளிச்சு வச்சிருந்தேன். ஆண்ட்ரூ தெரியாம எடுத்து ஊத்திட்டான். அவன்மேல தப்பில்ல. நீங்க ரெண்டு கிளாஸ் குடிச்சிட்டீங்க, மாத்திர வேற போட்டிருக்கீங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம் அத்தை.”

“பிராந்தியா?” ஆண்ட்ரூ எழுந்தான். அப்படியே தரையில் உட்கார்ந்தான். “அதான் பாத்தேன். அப்பலேர்ந்து கை காலெல்லாம் என்னுது இல்லாத மாதிரியே இருந்துச்சு. மச்சான், எனக்கு ரெண்டு மச்சான் தெரியுது. காரு எப்படி ஓட்டுவேன்?”

அருளம்மாள் தன் மணிக்கட்டைத் தானே பிடித்து நாடி பார்த்துக்கொண்டாள். முகத்திலிருந்த சிவப்பு வடிந்துவிட்டது. “ஆமா, படபடன்னு வருது” என்றாள் தனக்குள். பிறகு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

“நீயும் குடிச்சியா?”

“குடிச்சேன் அத்தை. உங்களுக்குக் கொறையட்டும்னு ஒரு ஜக்குக்கு மேல குடிச்சேன். மாதாகிட்ட சொன்ன சொல்லும் போச்சு.”

“அப்ப நான் ஒன்ன மாப்பிள்ளேன்னு கூப்பிட்டது?”

“அது பிராந்தி கூப்பிட்டது அத்தை.” அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். “நான் அதக் கணக்குல வச்சுக்கல. நீங்களும் வச்சுக்காதீங்க.”

அருளம்மாள் ஃபிளாஸ்க்கை எடுத்து மடியில் வைத்தாள். மூடியில் கை வைத்தாள், திறக்கவில்லை.

வாசல் கேட் கிரீச்சிட்டது. எதிர்வீட்டு மீனம்மா இடுப்பில் பிள்ளையோடும், ஒரு கையில் சூசனின் தட்டோடும் உள்ளே வந்தாள். காலித் தட்டாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாதென்று அதில் ஒரு கைப்பிடி சீனி போட்டிருந்தாள்.

“அக்கா எங்க வீட்டுல எங்க மாமியாகிட்ட மாட்டிக்கிட்டாங்க, இப்ப வந்துருவாங்க.” தரையில் கிடந்த ஆண்ட்ரூவையும், நாடி பிடித்தபடி உட்கார்ந்திருந்த அருளம்மாளையும், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தோணிராஜையும் மாறி மாறிப் பார்த்தாள். “செபம் பண்றீங்களாண்ணே? நான் அப்பறமா வரவா?”

“செபம் இல்லக்கா, போதை” என்றான் ஆண்ட்ரூ தரையிலிருந்து, நாக்குக் குழற. மேசைமேலிருந்த போத்தலைக் காட்டினான். “மச்சான் ஒளிச்சு வச்ச பிராந்திய நான் பஞ்சுல ஊத்திட்டேன். எல்லாருக்கும் ஏறிருச்சு.”

மீனம்மா சிவப்புக் கயிறு கட்டிய போத்தலை உற்றுப் பார்த்தாள். பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

“அந்தப் பிராந்திய இவனப் பெத்தப்பவே மருந்துக்குன்னு சூசன் அக்கா எனக்குக் குடுத்துட்டாங்களேண்ணே, நீங்க தொடுறீங்களான்னு பாக்கறதுக்கு அப்பலேர்ந்து அதுல வெறும் சீராப்பத்தான ஊத்தி வச்சிருக்காங்க.”